கதிர்காமக் கடவுளும் தேர்ப்பொதுமை வாதமும்

தொண்டைநாட்டிற் கருங்குழிக்குத் தென்மேற்கே, மதுராந்தகங் கடந்து செல்வார்க்கு எதிர்ப்படும் திருவச்சிறுபாக்கம், தேரின் அச்சு முறிந்த தலமாகும். முப்புரம் எரிக்க எழுந்த பெருமானுக்குத் தேவர் சமைத்த தேர், விநாயக வழிபாடு மறக்கப்பட்டமையால் அவ்விடத்தே அச்சிற்று நின்றது என்பது தலவரலாறு. அம் முப்புரத்தவரைச் சிவநெறியினின்றும் வழுவச் செய்தற்குத் திருமால் புத்தவடிவு கொண்டனர் என்றும் அவ்வரலாறே கூறும். தேரும் புத்தமும் ஒரு கதையினுள் எதிரெதிர் நின்ற காட்சி இது. இக்காலத்தாரிற் சிலரோ இவ்விரண்டையும் ஒன்றன்மே லொன்றாக ஏற்றி, 'தேர்விழா பௌத்தர் கண்டது. அத்தேரில் எழுந்தருளும் தெய்வமும் இருசமயத்தார்க்கும் பொது. ஆகலின் சமயபேதம் பேசுதல் வீண்' என எழுதியும் பேசியும் வருகின்றனர். இதற்கு அவர் முதற்கண் எடுத்துக்காட்டுவது ஈழநாட்டுக் கதிர்காமக் கடவுளையும், அக்கடவுளுக்குக் கொழும்பு மாநகரில் ஆடித்திங்களில் நிகழும் வேல்விழாத் தேரையுமாம். அக்கூற்று எத்துணை வலியுடையதென்பது ஈண்டு ஆராயப்படும்.

தேர் பௌத்தர்க்கே உரியது என்பார்க்கு ஆதாரம் சீன யாத்திரிகர் பாஹியான் எழுதிவைத்த குறிப்பு. 5-ம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பாடலிபுத்திரத்திற் புத்தருருவை ஏற்றிய தேர்கள் ஏறக்குறைய இருபது, ஆண்டுதோறும் உலா வந்ததை அவர் கூறியுள்ளார். நான்கு உருளையும் ஐந்து அடுக்கும் உடையனவாய், மூங்கிலாற் கட்டப்பெற்று, வெண்டுகில் போர்த்து ஓவியம் எழுதப்பட்ட தேர்கள் அவை. அது கொண்டே பூரி சகந்நாதர் தேரும் பௌத்தத்தின் எச்சமென ஐரோப்பியர் சிலர் துணிந்தனர். கன்னிங்காம் என்பார் 1854-ல் வெளியிட்ட நூலிலே அம்மூவர் திருவுருவும் புத்தம் தருமம் சங்கம் என்னும் மும்மணியின் திரிபே என்றனர். ஆயின் அப் பாஹியானே அத்தேர்களிற் றேவர் உருவங்கள் பொன்னும் வெள்ளியும் மணியும் அழுத்திச் செய்யப்பட்டிருந்தமையையும், வேதியர் முன்வந்து அத்தேர்களை நகருக்குள் அழைத்தமையையும் உடன்கூறி யிருக்கின்றார். தேவர் உருவம் தாங்கி, வேதியரால் அழைக்கப்பட்டு வருவதொரு தேர் பௌத்தர்க்கே தனியுரிமை உடையதென எங்ஙனம் சாதிக்கலாகும்? நாட்டில் முன்னரே வழங்கிய மரபினைத் தம் ஆசிரியர்க்கும் அவர் ஆக்கிக்கொண்டனர் என்பதன்றி, வேறு அதனாற் பெறப்படுவது யாதும் இல்லை. தமிழ்நாட்டிற் றிருவாரூர் ஆழித்தேர் அப்பரடிகள் திருவாக்கிலேயே போற்றப்பட்டுள்ளது.

கருங்குழிக்குக் கிழக்கே கடற்கரையை அடைந்தால் மாமல்லபுரத்துக் கற்றேர்கள் காணப்படும். உருளாத தேர்கள், வடம் பிடிப்பாரும் இலர். அவற்றின் வடிவம் பௌத்த விகாரங்களின் அடுக்கினைப் பின்பற்றியதென்று பெர்குசன் என்னும் ஸ்காட்லாந்தியர் சென்ற நூற்றாண்டிற்கு முந்தைய நூற்றாண்டில் எழுதினார். வடிவம் எங்கிருந்து வந்ததாயினும் ஆகுக. தருமராச ரதம் என மக்கள் பெயரிட்ட அத்தேரின் மேனிலத்துக் கருவறையில் இருப்பவர் யாவர்? உமையம்மையொடும் கந்தவேளொடும் வீற்றிருக்கும் சோமாஸ்கந்தப் பெருமான். தேரின் உரிமை கண்டறியப் புகுவார் தச்சனை வினவுதல் வேண்டா. மேலே ஏறிப் பார்த்தலே சாலும். அக்கந்தவேளே ஈழத்திற் கதிர்காமத்தும் எழுந்தருளியிருக்கின்றான்.

இனி, அக்கடவுள் பௌத்தர்க்கு வந்த முறையை அவர்தம் நூல்களே காட்டும். துட்டகாமினி மன்னன் எல்லாளனொடு பொரச் செல்லுமுன் கதிர்காமத்திற் பிரார்த்தித்தான் என்பது சிங்களரிடை வழங்கும் செவிவழிக் கதை. மகாவம்சம் அம்மன்னன் வரலாற்றை விரித்துரைத்தும் அப்பிரார்த்தனையைக் கூறிற்றில்லை. கதிர்காமத்தை அந்நூல் காசரகாமம் எனப் பெயரிட்டு, அவ்வூர்ச் சத்திரியர் போதிமரக் கிளையை வரவேற்கச் சென்றமையையும், அதன் கன்றொன்று அங்கு நடப்பட்டமையையும் மட்டுமே கூறுகின்றது. அதன் தொடர்ச்சியாகிய சூளவம்சத்திலோ மானவர்மன் என்னும் அரசிளங்குமரன் செய்தி வருகின்றது. அவன் கோகர்ணக் கடற்கரையில் இருந்து மந்திரஞ் செபிக்க, மயில்மேற் குமாரக்கடவுள் வந்தனன் என்றும், நீர்வேட்கையுற்ற மயிலுக்குத் தன் கண்ணொன்றையே அவன் ஈந்தனன் என்றும் பௌத்தத் துறவியர் எழுதிய அந்நூலே கூறும். அம்மானவர்மனே காஞ்சிக்கு வந்து நரசிம்மவர்மப் பல்லவனிடம் அடைக்கலம் புகுந்து, பல்லவப் படைத்துணையால் 7-ம் நூற்றாண்டின் இறுதிப்பகுதியில் இலங்கை அரசு எய்தியவன். மாமல்லபுரத்துக்குப் பெயர் தந்த மாமல்லன் அப்பல்லவனே என்பது அறிஞர் பலர் கொள்கை. ஆகவே பௌத்த அரசகுமாரன் குமாரனை நாடிச் சென்றனனேயன்றிக் குமாரன் பௌத்தத்தை நாடிச் சென்றிலன்.

கண்டிநகரப் பெரகராவும் இதற்கோர் சான்று. நாதர், விட்டுணு, கதிர்காமக் கடவுள், பத்தினி என்னும் நான்கு தெய்வங்களின் கோயில்களுக்கே முன்னர் உரிய உலா அது. கீர்த்திசிறீ இராசசிங்கன் (1747–1782) காலத்திலேதான் புத்தரது தந்ததாது அவ்வுலாவிற் சேர்க்கப்பட்டு முதலிடமும் பெற்றது; தெய்வங்களுக்கே சிறப்பு நிகழ்தலைச் சீயத்திலிருந்து வந்த பிக்குகள் விரும்பாமையே அதற்குக் காரணம் என்ப. அவ்வரசனோ மதுரைத் தொடர்புடைய நாயக்கர் குடியிற் பிறந்தவன். தெய்வ உலாவிற் றாது புகுந்ததே தவிரத் தாதுவின் உலாவிற் றெய்வம் புகுந்ததில்லை.

நிற்க. வரலாறு எவ்வாறாயினும் இன்று இருவரும் வணங்குதலின் பொதுவே என்பார் பிறர். இவரே முன்னையோரினும் மிகுதியாக மறுக்கப்படற்பாலர். என்னை? முன்னையோர் வரலாற்றிற் பிழைத்தனர். இவர் தத்துவத்தையே அழிக்கின்றனர். பௌத்தர் கொள்கையிற் கதிர்காமக் கடவுள் யார்? இலங்கையையும் பௌத்த சாசனத்தையும் காத்தற்குப் புத்தரால் ஏவப்பட்ட காவற்றெய்வம். பிறந்திறக்கும் தேவருள் ஒருவர். வருங்காலத்து வீடுபெற முயல்பவர். வழிபடுவோர் தாம் செய்த புண்ணியத்திற் பங்கு கொடுத்து அவரை மேலேற்றுவர். அவர் அதற்கீடாகப் பொருளும் பிள்ளையும் வழக்கில் வெற்றியும் அளிப்பர். சைவர் கொள்கையிலோ முருகன் சிவபிரானின் வேறல்லன். பிரணவப்பொருளை அப்பனுக்கே உரைத்த குருமூர்த்தி. மலம் நீக்கி வீடளிக்கும் முதல்வன். ஒருவர் பாற் புண்ணியம் பெற்று உயர்வாரும், எல்லார்க்கும் வீடு தருவாரும் ஒருவரே என்பது எவ்வளவைக்குப் பொருந்தும்? திருவுருவும் வேலும் திரையும் ஒன்றே. எண்ணப்பட்ட பொருள் இரண்டு. இவ்வேறுபாட்டை மறைத்தல் சைவர்க்கு மட்டுமன்று, தம் சமயத்தை உணர்ந்து ஒழுகும் பௌத்தர்க்கும் இழுக்கேயாம்.

ஆயினும் கதிர்காமத்து நிகழும் வழிபாட்டை உற்றுநோக்கின் வியப்பொன்று புலனாகும். மாணிக்க கங்கையில் மூழ்கி ஈரத்துணியொடு நிற்கும் சிங்களத் தாய், மகவு நோயொழிந்தால் அடுத்த ஆடியிற் காவடி எடுப்பிப்பேன் என நேர்ந்துகொள்கின்றாள். அடுத்த ஆடியில் அவ்வாறே செய்கின்றாள். இந் நேர்த்திக்கடன் என்னும் ஒன்றினுள் பௌத்த சித்தாந்தம் முழுதும் மறுக்கப்பட்டுக் கிடக்கின்றது. ஆன்மாவென நிலைத்த பொருள் இல்லை, உருவம் முதலிய ஐந்து கந்தங்களின் கணந்தோறும் மாறும் கூட்டமே உளது என்பது அவர் கோட்பாடு. அங்ஙனமாயின் நேர்ந்தவள் ஒருத்தி, நிறைவேற்றுபவள் மற்றொருத்தி ஆவள். ஒருவர் பட்ட கடனை மற்றொருவர் தீர்ப்பது யாண்டுளது? விளக்கின் சுடர் கணந்தோறும் வேறாயினும் தொடர்ச்சியால் ஒன்றெனப்படுதல் போலச் சந்தானத்தால் ஒன்றென்ப எனின், அத்தொடர்ச்சியை ஒன்றெனக் கண்டறிந்து நிற்பதொரு பொருள் வேண்டும். தொடர்ச்சிதானே தன்னைத் தொடர்ச்சியென அறியாது. இவ்வழக்குக்களை யெல்லாம் அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியார் பரபக்கத்திற் சௌத்திராந்திகர் முதலிய பௌத்தர் நால்வர் மதத்தையும் எடுத்து மறுக்குமிடத்து விரித்தருளினர். அத்தாய் அந்நூலை ஓதினவளல்லள். எனினும் கேட்பானொருவன் உளன், அவன் மறவான், நேர்ந்த யானே நிறைவேற்றவும் உள்ளேன் என்னும் மூன்றினையும் அவள் நெஞ்சம் ஐயமின்றிக் கொண்டிருக்கின்றது. ஐங்கந்தம் பேசும் சமயத்திற் பிறந்தும் கந்தனைக் கைவிடாதார் செயல் இருந்தவாறு இது!

பொதுமை வாதிகள் நேபாளத்தையும் காட்டுவர். பாட்டன் நகரிற் செந்நிறத் தெய்வமொன்று மிகவுயர்ந்த பிரம்புத்தேரில் வைகாசியை யொட்டி உலா வருகின்றது. பன்னீராண்டிற் கொருமுறை அத்தேர் புங்கமதி என்னும் ஊரிலேயே சமைக்கப்பட்டுப் புறப்படும். சைவர் அத்தெய்வத்தைக் கோரக்கர் குருவாகிய மச்சேந்திரநாதர் என்பர். பௌத்தர் கருணாமயராகிய அவலோகிதேசுவரர் என்பர். விழாவிறுதியில் மணியிழைத்த கருஞ்சட்டை யொன்றை உயர்த்திக் காட்டுவர். 2008-ல் முடியாட்சி நீங்குமளவும் அரசர் முன்னிலையிலும், பின்னர் நாட்டுத் தலைவர் முன்னிலையிலும் அது நிகழ்வதாயிற்று. அங்குப் பூசலில்லை, ஈங்கு மட்டும் ஏன் என வினவுவர். அவ்வவலோகிதேசுவரரைப் புகழும் காரண்டவியூகம் என்னும் நூல், அவர் நெற்றியினின்று மகேசுவரன் தோன்றினன் எனக் கூறுவதை இவர் அறியார் போலும். சிவபிரானை ஒரு போதிசத்துவரின் நெற்றியிற் பிறந்தவராக்கும் நூலின் தெய்வத்தைப் 'பொது' என்றல், ஒருபக்கமே சாய்ந்த துலாக்கோலை நேர்நின்றதென்றலோ டொக்கும். நேபாளத்தார் இரண்டு பெயரையும் இரண்டாகவே வைத்துக்கொண்டு ஒரு வடத்தை இழுக்கின்றனர்; பெயர்களைக் கரைத்துவிடுக என அவர் கூறிற்றிலர்.

தத்துவத்தினின்றும் தெய்வத்தைப் பிரித்தெடுத்தால் எய்தும் நிலைக்குச் சீயநாடு சான்று பகரும். நகர சீதர்மராசத்து வழங்கும் சதுகாமர் என்னும் காவற்றெய்வம், கதிர்காமக் கடவுளின் பெயர் திரிந்ததே என அறிஞர் சிலர் கருதுவர். 2007-ம் ஆண்டையொட்டி அத்தெய்வத்தின் வட்ட முத்திரைகள் செல்வந் தரும் தாயத்தாக அந்நாடெங்கும் விலைபோயின. ஓரிரண்டாண்டில் விலை வீழ்ந்தது, வாங்கினாரும் மறந்தனர்.

இனிச் சைவருள்ளும் ஒரு சாரார் உளர். பௌத்தர் வேற்றேர் வடத்தைத் தொடுதலும் தட்டேந்தி நிற்றலும் தகாவென்பர் அவர். அவரும் பிழைபட்டாரே. காஞ்சியிற் பௌத்தரோடு கூடியிருந்து, சிவமே மெய்ப்பொருளென உணர்ந்தும் அவர் உடையைக் களையாது, நாடோறும் சிவலிங்கத்தின்மேற் கல்லெறிந்த பின்னரே உணவு கொண்ட சாக்கிய நாயனாரைச் சேக்கிழார் பெருமான் அறுபத்துமூவருள் வைத்துப் போற்றினர். கல்லையே மலராகக் கொண்ட இறைவன் சிங்களத் தாயின் பழத்தட்டை மறுப்பானல்லன். யாதொரு தெய்வத்தை வழிபடினும் அவ்வழிபாட்டை ஏற்றுப் பயனளிப்பவன் சிவனே என்பது சித்தியார் சுபக்கத் துணிபு. இது வழிபடுவோரைத் தள்ளாமைக்குக் கூறியதேயன்றி, எல்லாக் கொள்கையும் ஒன்றென்றற்குக் கூறியதன்று. இவ்விரண்டையும் வேறுபிரித்தறியாமையே ஒருபக்கத்துப் பொதுமை வாதத்திற்கும் மறுபக்கத்து வன்மைக்கும் மூலமாயிற்று.

கொழும்பு வேல்விழா தோன்றிய வரலாற்றையும் நினைதல் வேண்டும். வாந்திபேதி பரவுதற் கஞ்சி ஆங்கில அரசினர் கதிர்காம யாத்திரையை நெருக்கிய காலத்து, 1874-ம் ஆண்டளவில் இவ்விழா தொடங்கிற்று என்ப. நாட்டுக்கோட்டை நகரத்தார் செட்டியார்தெருக் கதிரேசன் கோயில்களினின்றும் பம்பலப்பிட்டி வெள்ளவத்தைக்கு வேலை எழுந்தருளச் செய்தனர். தெருவிருமருங்கும் சிங்களர் திரண்டு நின்று வணங்கினர். இஃது உண்மை, மகிழ்தற்குரியதுமாம். ஆனால் ஒரே தேரை வணங்கியமையே ஒற்றுமைக்குப் போதுமெனிற் பிறிதொன்றும் வினவப்படும். 1983-ம் ஆண்டு ஆடித்திங்களில் அதே கொழும்புத் தெருக்களிற் றமிழர் வீடும் கடையும் எரியுண்டபோது அப்பொதுமை எங்குச் சென்றது? அயல்வீட்டுச் சிங்களர் பலர் தமிழரை மறைத்துவைத்துக் காத்தனர் என்பதும் மறைக்கத்தக்கதன்று. அவர் காத்தது அறத்தினால். தெய்வம் பொது என்னும் கட்டுரை படித்தன்று.

கதிர்காமத்திலோ நிலைமை வேறு. பெருங்கோயில் 1931-ம் ஆண்டுப் பௌத்த தேவாலயச் சொத்துச் சட்டத்தின்கீழ்ப் பஸ்நாயக்க நிலமே என்னும் அதிகாரியால் ஆளப்படுகின்றது. வாய்கட்டிப் பூசிப்பவர் சிங்களக் கப்புறாளைமார். இராமகிருஷ்ண மடத்தார் 1950களில் யாத்திரிகர்க் கமைத்த பெருமடமும் 1970களில் அரசினரால் எடுத்துக்கொள்ளப்பட்டது. அருணகிரிநாதர் திருப்புகழ் பெற்ற தலத்திற் றிருப்புகழோதுவார் விருந்தினர்போல் வந்து மீளும் நிலை உண்டாயிற்று. தெய்வம் பொது என்பார் ஆட்சியும் பொதுவாதல் வேண்டுமென ஒருகால் எழுதினாரா? இல்லை. பொதுமை யென்பது கொடுக்கவேண்டிய விடத்து மட்டும் சைவரிடம் கேட்கப்படுகின்றது.

பிறர்மேற் குறைகூறி யொழிதலும் ஆகாது. யாழ்ப்பாணத்தினின்றும் கால்நடையாகக் கதிர்காமம் செல்லும் அடியார்க்கு வழிநெடுக நீரும் நிழலும் உதவும் சைவச் செல்வர் எத்துணையர்? வேலென்பது ஞானமென்பதை, வடம்பிடிக்க வந்த சிங்கள அன்பர்க்கு அவர் மொழியிலேயே எடுத்துரைக்க வல்ல சித்தாந்தப் புலவர் எத்துணையர்? ஈழத்தினின்று பௌத்த ஆசிரியர் தில்லைக்கு வாதுசெய்ய வந்தபோது, மாணிக்கவாசகப் பெருமான் கோயிற்கதவை அடைப்பிக்கவில்லை. அவையிற் சென்றமர்ந்து, அவர் வினாக்களுக்கு ஊமையாயிருந்த ஈழவரசன் மகள் வாயாலேயே விடை கூறுவித்தனர். திருச்சாழல் அவ்விடையே. அவ்விடையைச் சிங்களத்திற் கூறுதற்கு ஓர் ஓதுவாரையும் ஓர் உரைகாரரையும் அடுத்த ஆடிவேலுக்குள் கொழும்புக் கோயிலார் ஏற்படுத்துதல் அரிதன்று; தேர் அணிசெய்யும் செலவில் ஒருசிறு கூறே அதற்கு வேண்டும்.