முன்னுக்கு இருப்பவர்களுக்குப் போட்ட படங்கள்

போர்ப்படம் போரைத் தூக்கிப் பிடிக்கிறதா, தூற்றுகிறதா என்று படம் எடுத்தவரிடம் கேட்டுப் பிரயோசனமில்லை. தூற்றத்தான் எடுத்தோம் என்று எல்லாரும் சொல்வார்கள். படம் போட்டவனைக் கேளுங்கள். எண்பதுகளின் கடைசியிலிருந்து நெடுங்கேணியிலும், பிறகு இடம்பெயர்ந்த இடங்களிலும் ஒரு ரீவி, ஒரு டெக், ஒரு சின்ன ஜெனரேற்றர் வைத்து வாடகைக்குப் படம் போட்டவன் நான். சாமத்திய வீடு, கோயில் திருவிழா, சனசமூக நிலைய ஆண்டுவிழா எதையும் விட்டதில்லை. வன்னிக்குப் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பெற்றோலைக் கண்ணால் காண்பதே அரிது. ஒரு மூடி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓடவிடுவேன். படம் முடிவதற்குள் புகைக்குப் பாதிச் சனம் இருமும். எந்த நேரம் எது நிற்குமோ என்ற பயத்தில் எனக்குப் படம் பார்க்க மனம் வராது. சனத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

முற்றத்தில் சனம் இருக்கிற ஒழுங்கு எந்த ஊரிலும் ஒன்றுதான். முன்னுக்குப் பாயில் பெடியள். ஆம்பிளைகள் ஓரமாய், சைக்கிளில் சாய்ந்தபடி. கடைசியில் வேலியோடு தாய்மார்.

1997 மே மாதம் இராணுவம் ஜெயசிக்குறு நடவடிக்கையைத் தொடங்கியது. ஏ9 வீதியைப் பிடித்து யாழ்ப்பாணத்துக்குத் தரைவழிப் பாதை திறப்பதுதான் நோக்கம். அதில் முதலில் பறிபோன ஊர்களில் எங்களுடையதும் ஒன்று. 1999 நவம்பரில் ஓயாத அலைகள் மூன்றில் புலிகள் அதைத் திரும்பப் பிடிக்கும்வரை புதுக்குடியிருப்புப் பக்கம் கொட்டில் போட்டு இருந்தோம். அங்கே ஒருநாள் ஓர் ஆங்கிலச் சண்டைப்படம் போட்டேன். ஷெல் நீளமாய்க் கூவிக்கொண்டு வந்து விழுகிறது. பாயில் இருந்த ஒரு சின்னப் பெடியன் சிரித்தான்: "குத்தின சத்தம் கேக்கேல்லை, ஷெல் மட்டும் வருது!"

வன்னியில் இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தூரத்தில் ஷெல் அடிக்கும்போது குத்துகிற சத்தம் முதலில் கேட்கும். அதற்கும் அது வந்து விழுவதற்கும் இடையில் கொஞ்ச நேரம் இருக்கும். பிள்ளையை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் பாய்வது, அடுப்பில் இருப்பதை இறக்குவதா விடுவதா என்று தடுமாறுவது, நடக்கமாட்டாத கிழவியைத் தூக்க ஆள் தேடுவது எல்லாம் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்தான். எங்களுக்குப் போர் என்றால் பெரும்பாலும் அந்த நேரம்தான். நான் போட்ட படங்களில் அது இருக்கவில்லை. கமரா குத்துகிறவனோடு நிற்கும். இல்லாவிட்டால் விழுகிற இடத்தில் நெருப்பைப் பிடிக்கக் காத்துக்கொண்டு நிற்கும்.

போரை எதிர்த்து எடுத்தாலும் சினிமாவில் அது போருக்கு ஆதரவாகவே போய் முடிகிறது என்று பிரெஞ்சு இயக்குநர் திரூபோ கருதினார். கொப்பலா 1979இல் எடுத்த 'அபோகலிப்ஸ் நவ்' வியட்நாம் போரின் பைத்தியக்காரத்தனத்தைக் காட்டிய படம் என்று பெயர் பெற்றது. வளைகுடாப் போருக்குப் புறப்படக் காத்திருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் அதே படத்தின் ஹெலிகொப்டர் தாக்குதலைப் பார்த்து ஆரவாரித்ததை, அவர்களில் ஒருவரான அந்தனி ஸ்வொஃபர்ட் எழுதியிருக்கிறார். முன்னுக்குப் பாயில் இருக்கிற பெடியள் எல்லா நாட்டிலும் உண்டு. (ஹெலிச் சத்தம் கேட்டால் மரத்துக்குக் கீழே ஒதுங்குகிற பழக்கம் எனக்கு இன்னும் விட்டுப்போகவில்லை.)

புலிகளின் வீடியோப் பிரிவான நிதர்சனம் வெளியிட்ட 'ஒளிவீச்சு' கசற்றுகளும் என் டெக்கில் ஓடியவைதான். அவற்றில் இருந்த சண்டை களத்தில் பிடித்தது, நடிப்பில்லை. 1996 யூலையில் முல்லைத்தீவு முகாம் விழுந்த காட்சிகள் ஓடும்போது பெடியள் பாயில் இருக்கமாட்டார்கள், முழங்காலில் எழும்பி நிற்பார்கள். அதற்காகத்தான் புலிகள் போடச் சொன்னார்கள் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். அப்படி ஓடிக்கொண்டிருந்தபோது, வேலியடியில் இருந்து ஒரு தாய் எழும்பி வந்தார். "தம்பி, கொஞ்சம் பின்னுக்கு விடு." விட்டேன். ஒருவன் குறுக்கே ஓடுகிறான், இரண்டு செக்கன்கூட இல்லை. "இன்னொருக்கா விடு மோனை." அடுத்த சண்டை வரவேணும் என்று முன்னுக்கு இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். அந்த அம்மா முகத்தை ரீவியோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். மகன்தானா என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

படம் எந்தப் பக்கத்துக்காரரின் படம் என்பதைவிட, பாயில் இருக்கிற பெடியளுக்காக ஓடுகிறதா, வேலியடியில் இருக்கிற தாய்க்காக ஓடுகிறதா என்பதைத்தான் நான் பார்ப்பேன். தமிழ்நாட்டில் 2013இல் 'மெட்ராஸ் கஃபே'யைத் தியேட்டர்களுக்கு வரவிடவில்லை. 2014இல் 'இனம்' வந்த சில நாட்களிலேயே திருப்பி எடுக்கப்பட்டது. இரண்டு முறையும் சண்டை, படம் யார் பக்கம் என்பதில்தான். 2015இல் கான் விழாவின் அதியுயர் பரிசை வாங்கிய 'தீபன்' எங்களுடைய ஆட்களை வைத்தே எடுத்தது. போராளி தன் உடுப்பைச் சிதையில் போட்டு எரிக்கிற தொடக்கத்தைப் பார்த்தபோது, இவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன். கடைசியில் அந்த மனிதனின் கையில் திரும்பவும் ஆயுதத்தைக் கொடுத்து, புகைக்குள்ளால் மாடி ஏறவிட்டார்கள். பாயில் இருப்பவர்களை ஏமாற்ற மனம் வரவில்லைப்போல.

'அமரன்' 2024 தீபாவளிக்கு வந்தது. இறந்த இந்திய இராணுவ அதிகாரியின் மனைவி சொல்கிற கதை அது, சாய் பல்லவி நன்றாகவே செய்திருக்கிறார். போர் முடிந்த 2009க்குப் பிறகு பிறந்த எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அதைப் போனில் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னது துவக்குச் சண்டையைப் பற்றித்தான்.

வேலியடியில் இருக்கிறவர்களுக்காக எடுத்த படம் என்று கேட்டால், நான் சொல்வது ஒரு சிங்களப் படம்: பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர'. 1997இல், நாங்கள் ஊரைவிட்டு ஓடிய அதே வருடத்தில் எடுத்தது. கண் தெரியாத வன்னிஹாமியிடம் இராணுவத்தில் இருந்த மகனைச் சீல் வைத்த பெட்டியில் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். மகன் செத்துவிட்டான் என்பதை அவர் ஏற்கவில்லை. வீட்டில் காசுக்குக் கஷ்டம், ஆனாலும் நட்டஈட்டுப் படிவத்தில் கையெழுத்து வைக்கமாட்டேன் என்கிறார். கடைசியில் புதைத்த பெட்டியைத் தோண்டித் திறந்தால் உள்ளே வாழைக்குற்றியும் கல்லும். சண்டைக் காட்சி ஒன்றுகூட இல்லை. பெட்டியைத் திறக்கிற ஒரு கிழவரின் படத்தை 2000இல் அரசாங்கம் தடுத்தது. 2001இல் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் தியேட்டருக்கு வந்தது. எந்தப் படம் போருக்கு இடைஞ்சல் என்பதில் அரசாங்கத்துக்கு என்னைவிடத் தெளிவு இருந்திருக்கிறது.

வவுனியாவில் 2017 பெப்ரவரியிலிருந்து காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தைப் பிடித்தபடி போராட்டத்தில் இருக்கிற தாய்மாரின் கேள்வியும் வன்னிஹாமி கேட்டதுதான். பெட்டிக்குள் என்ன இருக்கிறது? அவர்களுக்குப் பெட்டிகூட வரவில்லை.

இப்போது சனசமூக நிலையத்துப் பெடியளிடம் புரொஜெக்டர் இருக்கிறது, மண்ணெண்ணெய்ப் புகையில்லை. என்ன படம் போடலாம் ஐயா என்று கேட்டார்கள். தமிழ் எழுத்துப் போட்டு 'புரஹந்த களுவர'வைப் போடுங்கள் என்றேன். "சிங்களப் படமோ?" என்று ஒருத்தன் இழுத்தான். ஓம் என்றேன். சண்டை வராது என்று தெரிந்ததும் முன்னுக்கு இருக்கிறவர்கள் பாதியில் எழும்பிப் போவார்கள். போகட்டும், அந்தப் பாயில் தாய்மார் வந்து இருக்கட்டும்.