மயில் போடும் கணக்கு

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகும் சாலையில், மாநில எல்லையில் இருக்கிறது கோபாலபுரம். சாவடிக்கு ஒரு பக்கம் தமிழ்நாடு, மறுபக்கம் கேரளம். பேச்சு மட்டும் இரு பக்கமும் ஒன்றுதான். நம் சங்கத்துக் குடும்பங்கள் சிலவற்றுக்கு அந்த வட்டாரமே சொந்த ஊர். விடுமுறைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் இப்போதெல்லாம் கொண்டுவரும் செய்தி மயிலைப் பற்றியது. "கடலை போட்டால் முளைக்க விடுவதில்லை, தக்காளி பழுத்தால் கொத்திப் போட்டுவிடுகிறது. முருகனுடைய வாகனம் என்று சும்மா இருந்தால் வயிறு கேட்குமா?" என்று அங்கலாய்க்கிறார்கள். மயிலுக்குப் பேராசை வந்துவிட்டது என்பது அவர்கள் கட்சி.

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மயில் எப்போதும் போடுகிற கணக்கைத்தான் இப்போதும் போடுகிறது. அந்தக் கணக்கின் தொகைகளை மாற்றியவர்கள் மனிதர்கள். ஊரை விட்டு வந்த நமக்கும் அதில் பங்குண்டு என்பதே நான் சொல்ல வருவது.

பறவைகள் கண்டதை எல்லாம் தின்பதில்லை. கனடாவின் மேற்குக் கடற்கரைக் காகங்களை ரெட்டோ சாக் என்ற ஆய்வாளர் கவனித்து 1979இல் எழுதினார். அந்தக் காகங்கள் கடல் நத்தையைத் தூக்கிப் பறந்து பாறைமேல் போட்டு உடைத்துத் தின்கின்றன. சின்ன நத்தைகளைச் சீண்டுவதில்லை, பெரியதையே எடுக்கின்றன. காரணம், பெரியது சீக்கிரம் உடையும், உள்ளே சதையும் அதிகம். சுமார் ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து போடுகின்றன. அதைவிட உயரே போனால் வீண் சிரமம். தாழப் போட்டால் பல தடவை தூக்க வேண்டும். படைத்த சோற்றை நாம் வைக்கும் காகத்தின் உறவுக்கூட்டம்தான் அதுவும். கிடைக்கும் இரைக்குச் செலவாகும் நேரமும் உழைப்பும் கட்டுப்படியாகுமா என்று பார்ப்பது பறவையின் இயல்பு.

பசியும் இந்தக் கணக்கை மாற்றும். தாமஸ் கராக்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர் ஜுன்கோ என்னும் சிறு பறவைகளுக்கு இரண்டு தட்டுகளை வைத்தார். ஒன்றில் ஒவ்வொரு முறையும் அளவாக விதை. மற்றதில் ஒரு சமயம் நிறைய, ஒரு சமயம் ஒன்றுமே இல்லை. சராசரி இரண்டிலும் ஒன்றே. போதிய தீனி கிடைத்துவந்த பறவைகள் அளவான தட்டை நாடின. தீனி போதாதவை நிச்சயமில்லாத தட்டில் துணிந்து வாய் வைத்தன. இது 1980இல் வெளிவந்தது. ஆபத்து விஷயத்திலும் இதே போக்குதான்: பசித்த பறவை பயத்தை ஒதுக்கிவிடும். டின் தட்டினாலும், பழைய சேலையைக் கட்டித் தொங்கவிட்டாலும் நாலு நாளைக்குமேல் மயில் மிரளாததற்குக் காரணம் இதுவும், அந்தச் சேலை ஒன்றும் செய்யாது என்று அது கற்றுக்கொண்டதும்தான்.

இனி நம் ஊருக்கு வருவோம். சித்தூர் தாலுக்காவின் கிழக்குப் பகுதி மழை குறைந்த பூமி. மயிலுக்கு உகந்த இடம். பாலக்காடு மாவட்டத்துச் சூலனூரில் மயிலுக்கென்றே சரணாலயம் இருக்கிறது. கேரளத்தில் சுமார் 19 விழுக்காடு நிலம் மயில் வாழ ஏற்றது என்றும், தட்பவெப்பம் மாறுவதால் 2050 வாக்கில் அது 40 விழுக்காட்டைத் தாண்டலாம் என்றும் கேரள வேளாண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் கணித்தார்கள். மயில் குறையப் போவதில்லை.

மயிலுக்கு உணவு புல்விதை, தானியம், பூச்சி, கறையான், ஓணான், குட்டிப் பாம்பு, இளந்தளிர் எல்லாமும். அலைந்து தேடும் கறையானையும், வரிசையாக விதைத்து வைத்த கடலையையும் ஒப்பிட்டால் எது லாபம்? கடலைதான். அதைத் தடுப்பது ஒன்றே: திறந்த வெளியில் நெடுந்தூரம் நடந்து வரும் அபாயம். அந்தத் தூரத்தைத்தான் நம்மவர் குறைத்துவிட்டார்கள்.

கோவைக்கும் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் பிழைக்கப் போனவர்களின் நிலம் பல ஊர்களில் தரிசாகக் கிடக்கிறது. விற்க மனமில்லை, உழ ஆளில்லை. நாலு மழைக்குள் புதர் மண்டிவிடுகிறது. மயில் பகலில் அங்கே ஒதுங்குகிறது. பத்தடி தள்ளி, இன்னும் பாடுபட்டுக்கொண்டிருக்கும் பக்கத்துத் தோட்டத்துக்காரரின் பயிரில் மேய்கிறது. ஆள் வந்தால் பத்தடியில் மறைவு. மயிலுக்கு இதைவிட நல்ல பேரம் கிடைக்காது. நட்டம் முழுவதும் ஊரில் தங்கிவிட்ட அந்த மனிதர் தலையில்.

அந்த ஆத்திரத்தில் சிலர் நெல்லில் நஞ்சு கலந்து வைக்கிறார்கள். மயில் 1963 முதல் நமது தேசியப் பறவை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. கொன்றால் மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை. அது ஒருபுறம் இருக்கட்டும். அந்த நெல்லை வீட்டுக் கோழியும் தின்னும், காக்கையும் கிளியும் தின்னும். புதர் அப்படியே இருக்குமட்டும் அடுத்த மயில் வந்துகொண்டுதான் இருக்கும்.

செய்யக்கூடியது என்ன? ஊரில் நிலம் வைத்திருப்பவர்கள் அதைச் சும்மா போடாமல் குத்தகைக்கோ வாரத்துக்கோ விடலாம். பயமிருந்தால் எழுத்தில் போட்டுக்கொள்ளலாம். அதுவும் முடியாவிட்டால் பக்கத்துத் தோட்டத்தை ஒட்டிய ஓரத்தையாவது ஆண்டுக்கு இரு முறை ஆள் வைத்துச் சுத்தம் செய்யலாம். முழுக் காட்டையும் அழிக்க வேண்டாம். உள்ளே புல்லும் பூச்சியும் இருந்தால் மயிலுக்கும் வேறு வழி இருக்கும். ஊரில் இருப்பவர்கள் ஒரே வாரத்தில் விதைத்தால் சேதம் எல்லார்க்கும் பங்காகிக் குறையும். முந்தி விதைத்த ஒற்றைக் காடுதான் முழுதும் பறிபோகிறது. புதரை ஒட்டிய பாத்தியில் கடலையை விட்டு மயில் அதிகம் விரும்பாததைப் போடலாம்.

அரசு பார்த்துக்கொள்ளட்டும் என்று சிலர் சொல்வார்கள். இழப்பீடு கேட்பது நியாயமே. ஆனால் நம் பெயரில் பட்டா உள்ள நிலத்தில் என்ன வளர்கிறது என்பதை அரசு வந்து பார்க்க வேண்டியதில்லை. அடுத்த விடுமுறைக்கு ஊர் போகும் அன்பர்கள் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போவதோடு, தங்கள் வரப்பையும் ஒரு முறை நடந்து பார்த்து, பக்கத்துத் தோட்டத்து அண்ணனிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.