குகை தொலைவில்; பயிற்சி அருகில்

2018ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் தேதி, தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் சென்ற 12 சிறுவர்களும் அவர்களுடைய காற்பந்துப் பயிற்றுநரும் வெள்ளத்தில் சிக்கிக்கொண்டனர். ஜூலை 2ஆம் தேதி அவர்களைக் கண்டுபிடித்தவர்கள், பிரிட்டனைச் சேர்ந்த ரிக் ஸ்டான்டன், ஜான் வொலாந்தன் என்னும் முக்குளிப்பாளர்கள். ஒருவர் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர். மற்றவர் கணினித் துறையைச் சேர்ந்தவர். குகை முக்குளிப்பு அவர்களுக்குப் பிழைப்புக்கான தொழிலன்று. எனினும், தேவைப்பட்ட நாளில் அவர்களுடைய திறன் கைகொடுத்தது. ஆகவே, குகைகளுக்கு அருகில் வாழவில்லை என்பது பயிற்சியைக் கைவிடக் காரணமாகாது என்பதே என் கருத்து.

திறந்த கடலில் சிக்கல் ஏற்பட்டால் முக்குளிப்பாளர் மெதுவாக மேலே வந்துவிடலாம். குகையிலோ தலைக்கு மேல் பாறை இருக்கும். வந்த வழியேதான் திரும்ப வேண்டும். காலைத் தவறாக அசைத்தால் சேறு கலங்கிக் கண் தெரியாமல் போகும். அப்போது வழிகாட்டிக் கயிறு ஒன்றே துணை. காற்றில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே செல்ல, ஒரு பங்கு வெளியே வர, எஞ்சிய பங்கு ஆபத்து வேளைக்கு என்பது அடிப்படை விதி. இவற்றை அந்த நேரத்தில் யோசித்துச் செய்ய முடியாது. கை தானாகச் செய்ய வேண்டும். பழகாத கையோ மறந்துவிடும்.

இதற்குக் குகைதான் வேண்டும் என்பதில்லை. இரண்டு மரங்களுக்கிடையே கயிற்றைக் கட்டி, கண்ணை மூடிக்கொண்டு விரல்களால் தொட்டபடி நடந்து பழகலாம். நீச்சல் குளத்தில் முகக்கண்ணாடியை மறைத்துக்கொண்டு கயிற்றைப் பின்தொடரலாம். துணைவருடன் காற்றைப் பகிரவும், சேற்றைக் கிளப்பாமல் தவளைபோல் காலசைக்கவும் பழகலாம்.

“குளம் குகையாகுமா?” என்று சிலர் கேட்கலாம். ஆகாது. குளத்தில் எந்நேரமும் தலையைத் தூக்கலாம் என்ற துணிவு இருக்கும். குகையின் இருளும் நெருக்கடியும் அங்கே இல்லை. தாம் லுவாங் மீட்புப் பணியில், தாய்லாந்துக் கடற்படையின் முன்னாள் வீரர் சமான் குனான் உயிரிழந்தார். பயிற்சி பெற்றவருக்கும் குகை ஆபத்தானதே. எனவே, நீண்ட இடைவெளிக்குப் பிறகு குகைக்குத் திரும்புபவர், முதலில் எளிய, குறுகிய முக்குளிப்பையே தேர்ந்தெடுக்க வேண்டும். குளத்துப் பயிற்சி கையைத் தயார்ப்படுத்தும். அது துணிச்சலுக்கு உரிமம் ஆகாது.

ஆபத்து நாள் குறித்துச் சொல்லிவிட்டு வருவதில்லை. அது வரும்போது கற்றுக்கொள்ள நேரமும் இருக்காது. ஆகையால், வாய்ப்பு தொலைவில் இருக்கும்போதே திறனைப் பேணுவதுதான் அறிவுடைமை.