சித்தப்பா அனுப்பிய 48 மணி நேரம்

சுமத்ராவில் நிலம் அசைந்தால் போதும், எங்கள் குடும்பப் புலனக் குழுவில் ஒரு செய்தி வந்துவிடும்: "இது முன்னதிர்வுதான். பெரியது 48 மணி நேரத்தில் வரும்." சென்ற முறை அதை அனுப்பியவர் என் சித்தப்பா. யார் சொன்னது என்று கேட்டேன். "கவனமா இருந்தா தப்பில்லையேம்மா" என்றார்.

அவர் பயத்தைச் சிரித்து ஒதுக்க முடியாது. 2011 மார்ச் 9ஆம் தேதி ஜப்பானின் தோஹோக்கு கடற்கரைக்கு அப்பால் 7.3 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டது. இரண்டே நாளில், அதன் அருகிலேயே 9.0. அதன்பிறகுதான் முதலாவதற்கு 'முன்னதிர்வு' என்ற பெயர் கிடைத்தது. சிக்கலே இங்குதான். 7 அளவைத் தாண்டும் நிலநடுக்கங்களில் பெரும்பாலானவற்றை அடுத்துப் பெரியது எதுவும் வருவதில்லை. வரப்போகும் ஒன்றை மட்டும் முன்கூட்டியே பிரித்தறிய இன்றுவரை வழியில்லை.

பின்னதிர்வுகளுக்கு ஓரளவு ஒழுங்கு உண்டு. பத்தாம் நாளில் அவற்றின் எண்ணிக்கை முதல் நாளில் இருந்ததில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிடும் என்பது 1894இல் ஓமோரி கண்ட கணக்கு. ஆனால் குறைவது எண்ணிக்கைதான். பெரியது ஒன்று இடையில் வராது என்று அந்தக் கணக்கு சொல்லவில்லை. நடுக்கத்தின் வகையும் மாறலாம். காலங்காலமாக அமுக்கப்பட்டிருந்த வடகிழக்கு ஜப்பான், தட்டு நழுவியதும் கடல் பக்கம் இழுபட்டது. ஒரு மாதம் கழித்து ஃபுக்குஷிமாவில் நிலம் இழுபட்டுச் சரிந்து, இன்னொரு வலுவான நடுக்கம் ஏற்பட்டது.

நமக்கு அருகிலும் இதே கதைதான். 2004 டிசம்பர் 26இல் 9.1. மூன்றே மாதத்தில், அதற்குத் தெற்கே நியாஸ் தீவில் 8.6. 2007இல் இன்னும் தெற்கே பெங்கூலு அருகே 8.4. மெந்தாவாய் தீவுகளுக்கு அடியில் 1797, 1833 ஆண்டுகளில் உடைந்த பகுதியில், 2007இல் விடுபட்டது சேர்ந்திருந்த அழுத்தத்தில் ஒரு பங்குதான்.

ஆகவே ஆபத்து பொய்யில்லை, அந்த 48 மணி நேரம்தான் பொய். இப்படி நாள் குறித்த செய்தி நான்கு முறை பொய்த்துவிட்டால், ஐந்தாம் முறை உண்மையான எச்சரிக்கை வந்தாலும் யார் எழுந்து ஓடுவார்கள்? 2004இல் அலை பினாங்கை வந்தடையச் சில மணி நேரம் ஆனது. அன்று இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை அமைப்பே இல்லை. இன்று இருக்கிறது. வானிலைத் துறையின் அறிவிப்பைத் திறந்து பார்க்க ஒரு நிமிடம் போதும்.

சித்தப்பாவின் வீடு பத்து ஃபிரிங்கியில், கடலுக்கு மிக அருகில். அறிவிப்பு வந்தால் எந்தப் பாதையில் மேட்டுக்குப் போவீர்கள் என்று கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.