பிள்ளையின் சொல்லும் கேட்பவரின் காதும்

பாண்டிருப்பில் பிள்ளை 'அம்மா' என்கிறது. பக்கத்து மருதமுனையில் அதே வயதுப் பிள்ளை 'உம்மா' என்கிறது. தமிழ் வீடுகளிலோ 'உம்மா' என்றால் முத்தம். பேச்சுச் சிகிச்சையாளரும் ஏதோ ஒரு வீட்டில் வளர்ந்தவர்தானே! அந்த வீட்டுப் பேச்சுத்தான் அவர் காதுக்குச் சரியாகப் படும். 'ஆணம்' என்று பிள்ளை கறி கேட்டால், அதைப் பிழையென்றுகூட அவர் குறித்துவிடலாம்.

இலங்கையில் இதற்கான பல்கலைக்கழகப் படிப்பு 1997இல் களனிப் பல்கலைக்கழகத்தின் ராகமை மருத்துவ பீடத்தில் தொடங்கியது. தமிழில் சிகிச்சை தருவோர் இன்னும் குறைவு. சிங்களம் கேட்டாலே சோதனைச்சாவடி நினைவுக்கு வரும் தாய்மார் நம்மிடையே உண்டு. அந்த மௌனத்தை 'ஒத்துழைப்பில்லை' என்று எழுதிவிடக்கூடாது.

ஆகவே சகோதரிகளே, பிள்ளை வீட்டில் சொல்லும் சொற்களை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். எந்தச் சொல்லை யாரிடம், எதற்காகச் சொல்கிறது என்பதையும் எழுதுங்கள். வீட்டுமொழியை விட்டு ஆங்கிலத்தில் பேசச் சொன்னால் கேட்காதீர்கள். (அயலவர்கள் இந்த ஆலோசனையைத் தாராளமாகத் தருவார்கள்.)

பெரியவர்களுக்கும் இது பொருந்தும். பாரிசவாதத்தால் பேச்சிழந்த பெண்ணின் தாடையைத் தொட்டுப் பார்க்க ஆண் சிகிச்சையாளர் வந்தால், தன் சங்கடத்தைச் சொல்ல அவளுக்கு வாயில்லை. கூடப் போகிறவர்தான் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும்.