விளையாட்டைத் தொடங்குவது யார்?

'விளையாட்டுக்குச் சொன்னேன்', 'இன்னும் விளையாட்டுப் பிள்ளை', 'விளையாட்டுத்தனம் போகவில்லை' என்னும் தொடர்கள் தமிழின் அன்றாட வழக்கில் உள்ளவை. இவை எல்லாவற்றிலும் விளையாட்டு என்பது பொறுப்பின்மைக்கு இன்னொரு பெயராகவே நிற்கிறது. இம்மனப்பாங்கு குழந்தைகளுக்கான சிகிச்சை அறையின் வாசல்வரை வந்துவிடுகிறது. பேச்சு தாமதப்பட்ட மூன்று வயது மகனை அழைத்துவரும் பெற்றோர், ஒரு மணி நேரம் அவன் மணலிலும் பொம்மைகளிலும் அளைந்துவிட்டு வெளியே வருவதைப் பார்த்து, "இன்றைக்கும் விளையாட்டுத்தானா? பயிற்சி எப்போது தொடங்கும்?" என்று கேட்பது இயல்பு. அக்கேள்வியை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அதன் பின்னால் கட்டணம் இருக்கிறது. விடுப்பு எடுத்த நாள் இருக்கிறது. காலம் கடந்துவிடுமோ என்ற அச்சம் இருக்கிறது. எனவே அதற்கான விடை உணர்ச்சிவயப்பட்டதாக அன்றித் துல்லியமானதாக அமைய வேண்டும்.

அத்தகைய விடையைத் தரும் பொறுமை பல சிகிச்சை மையங்களுக்கும் மழலையர் பள்ளிகளுக்கும் இருப்பதில்லை. பெற்றோரை நிறைவுபடுத்தும் பொருட்டு விளையாட்டையே பயிற்சியின் சாயலுக்கு அவை மாற்றிவிடுகின்றன. வண்ணக் கட்டைகள் நிறங்களின் பெயரை ஒப்பிப்பதற்கும், பொம்மைக் கார்கள் எண்ணிக்கை கற்பதற்கும், களிமண் எழுத்துருவம் பிடிப்பதற்கும் பயன்படுகின்றன. பதிவேட்டில் 'விளையாட்டுவழிச் சிகிச்சை', 'விளையாட்டுவழிக் கல்வி' என்றே எழுதப்படும். அறைக்குள் நிகழ்வதோ, பெரியவர் இட்ட கட்டளையைக் குழந்தை நிறைவேற்றுவது. பொம்மை கையில் இருப்பதனாலேயே ஒரு செயல் விளையாட்டாகிவிடாது. எதை எடுப்பது, எங்கே தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பதைக் குழந்தை தீர்மானிக்கும்போதே அது விளையாட்டாகிறது. விளையாட்டின் சிகிச்சைப் பயனும் வளர்ச்சிப் பயனும் இத்தீர்மானிக்கும் உரிமையைச் சார்ந்தே நிற்கின்றன. உரிமையைப் பறித்துவிட்டுப் பயனை மட்டும் எதிர்பார்ப்பது முரண்.

இக்கருத்துக்கு நூறாண்டு வரலாறு உண்டு. 1920இல் வெளிவந்த நூலொன்றில் சிக்மண்ட் ஃபிராய்டு, ஒன்றரை வயதுடைய தம் பேரனின் விளையாட்டொன்றை விவரித்தார். நூல் கட்டிய மரச்சுருளைக் குழந்தை கட்டிலுக்கு அப்பால் எறிந்து மறையச் செய்யும். பின்னர் நூலைப் பிடித்திழுத்து அது மீண்டும் தோன்றியதும் மகிழும். தாய் தன்னைவிட்டு வெளியே செல்வதைத் தடுக்க அக்குழந்தையால் இயலாது. ஆனால் மறைவையும் வருகையையும் தன் கையால் நிகழ்த்திக்காட்ட அதனால் இயன்றது. வாழ்வில் தன்மீது நிகழ்ந்த ஒன்றை விளையாட்டில் தான் நிகழ்த்துவதாகக் குழந்தை மாற்றிக்கொள்கிறது என்பதே ஃபிராய்டு கண்ட விளக்கங்களுள் முதன்மையானது. அச்சுருளை எறியும்படி பெரியவர் ஒருவர் பணித்திருந்தால் அம்மாற்றம் நிகழ்ந்திராது.

1920களில் பெர்லினிலும் பின்னர் லண்டனிலும் பணியாற்றிய மெலனி கிளெய்ன், பெரியவர்களிடம் சொல் ஆற்றும் பணியைக் குழந்தைகளிடம் விளையாட்டு ஆற்றுகிறது என்று கண்டார். ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனி இழுப்பறையில் சிறு பொம்மைகளை வைத்துக் காத்திருப்பது அவரது முறை. குழந்தையின் விளையாட்டுக்கு அவர் தந்த விளக்கங்கள் மிகையானவை என்று அன்னா ஃபிராய்டு மறுத்தார். அவ்விவாதம் நெடுங்காலம் நீடித்தது. 1947இல் அமெரிக்க உளவியலாளர் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் விளையாட்டுச் சிகிச்சை குறித்த தம் நூலில் எட்டு நெறிகளை வகுத்தார். குழந்தை வழிநடத்த வேண்டும், சிகிச்சையாளர் பின்தொடர வேண்டும் என்பதும், சிகிச்சையை விரைவுபடுத்த முயலக் கூடாது என்பதும் அவற்றுள் அடங்கும். இதனை எல்லையற்ற சுதந்திரம் என்று கொள்வது தவறு. தேவையான வரம்புகளை மட்டும் விதிக்க வேண்டும் என்பதும் அவ்வெட்டனுள் ஒன்று.

வளர்ச்சி உளவியலின் தரப்பிலிருந்து இதே இடத்துக்கு வந்தவர் வைகாட்ஸ்கி. 1933இல் லெனின்கிராடில் ஆற்றிய உரையில், குச்சியைக் குதிரையாக்கி ஓட்டும் குழந்தையை அவர் எடுத்துக்காட்டினார். குச்சி குதிரையாகும் கணத்தில் பொருளிலிருந்து அதன் கருத்து பிரிகிறது. அருவமாகச் சிந்திப்பதற்கான முதற்படி அதுவே. இன்னொன்றையும் அவர் கவனித்தார். கற்பனை விளையாட்டு எதுவும் விதியற்றது அன்று. 'அம்மா'வாக நடிக்கும் சிறுமி அம்மாவைப் போல நடக்க வேண்டும். 'நோயாளி'யாகப் படுத்தவன் ஊசி போடும்வரை எழக் கூடாது. இயல்பில் இரண்டு நிமிடம் அசையாதிருக்க இயலாத குழந்தை, தானே ஏற்ற விதிக்காகத் தன் உந்துதலை அடக்கிக்கொள்கிறது. தன்னடக்கத்தைக் கற்பிக்கவே பள்ளிகள் விளையாட்டைக் குறைக்கின்றன என்பதை நோக்க, வைகாட்ஸ்கியின் கூற்று எவ்வளவு கூர்மையானது என்பது விளங்கும்.

விளையாட்டு வசதி படைத்தோரின் பேச்சு, வறுமையில் உழலும் குழந்தைக்கு முதலில் உணவே தேவை என்னும் எதிர்வாதம் நியாயமானது. அதற்கான விடை ஜமைக்காவிலிருந்து கிடைத்தது. கிங்ஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளில், 1980களின் பிற்பகுதியில், உடல் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளிடம் சாலி கிரந்தம்-மெக்கிரகரும் சக ஆய்வாளர்களும் ஓர் ஆய்வைத் தொடங்கினர். 9 முதல் 24 மாத வயதுடைய அக்குழந்தைகளுள் ஒரு பகுதியினர் ஊட்டச்சத்து மட்டும் பெற்றனர். வேறு சிலரின் வீட்டுக்குச் சமூக நலப் பணியாளர் ஈராண்டுகள் வாரந்தோறும் சென்று, வீட்டுப் பொருள்களால் செய்த விளையாட்டுப் பொருள்களைக் கொண்டு, குழந்தையோடு விளையாடவும் அதன் செய்கைக்கு மறுமொழி தரவும் தாயைப் பழக்கினார். 2014இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான கட்டுரையின்படி, 22 வயதில் விளையாட்டுப் பிரிவினரின் வருவாய் 25 விழுக்காடு கூடுதலாக இருந்தது. ஊட்டச்சத்து மட்டும் பெற்றோரிடம் நீடித்த பயன் காணப்படவில்லை. இம்முறையைத் தழுவிய ஆய்வு ஒடிசாவின் கட்டாக் நகரில் 54 குடிசைப் பகுதிகளைச் சேர்ந்த 421 குழந்தைகளிடம் நடத்தப்பட்டது. உள்ளூர்ப் பெண்களே பயிற்சி பெற்று வீடுகளுக்குச் சென்றனர். பதினெட்டு மாதங்களுக்குப் பின் குழந்தைகளின் அறிதிறனில் தெளிவான முன்னேற்றம் பதிவாயிற்று.

பெரியவர் பின்தொடரக் கற்பதே சிகிச்சையாக அமைந்த ஆய்வொன்று கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஒருசேர நடந்தது. ஆட்டிசம் உள்ள, 2 முதல் 9 வயதுடைய 65 குழந்தைகள் அதில் இடம்பெற்றனர். பெற்றோரும் குழந்தையும் விளையாடும் காட்சி ஒளிப்பதிவாக்கப்படும். பின்னர் பயிற்சி பெற்ற நலப் பணியாளர் அதைப் பெற்றோருடன் அமர்ந்து பார்ப்பார். குழந்தை சன்னலை நோக்கியபோது தாய் பந்தை நீட்டினாரா, அல்லது தாமும் சன்னலை நோக்கினாரா என்பன போன்ற சிறு கணங்களே அங்குப் பாடம். எட்டு மாதங்களில் பெற்றோர் குழந்தையின் கவனத்தோடு இசைந்து மறுமொழி தருவது கூடியது. குழந்தை தானாகத் தொடர்புகொள்ள முனைவதும் கூடியது. இருவரும் ஒருங்கே கவனம் கொண்டிருந்த நேரம் மட்டும் குறைந்தே காணப்பட்டது. முடிவுகள் முழுமையானவை அல்ல. ஆயினும் வல்லுநர் அல்லாதோரைக் கொண்டே, தெற்காசியக் குடும்பச் சூழலில், விளையாட்டின் தலைமையைக் குழந்தையிடம் ஒப்படைக்க இயலும் என்பதை அவ்வாய்வு நிறுவியது.

இவ்வளவும் கூறிய பின், விளையாட்டைத் தானாகவே குணமாக்கும் மருந்தெனக் கொள்ளும் பிழையையும் சுட்ட வேண்டும். 1976இல் அமெரிக்காவின் சவுச்சில்லா என்னும் ஊரில் 26 பள்ளிக் குழந்தைகள் பேருந்தோடு கடத்தப்பட்டு, நிலத்தடியில் புதைக்கப்பட்ட வாகனப் பெட்டியொன்றில் அடைக்கப்பட்டனர். தாமே வழிகண்டு தப்பினர். அக்குழந்தைகளைத் தொடர்ந்து ஆராய்ந்த மனநல மருத்துவர் லெனோர் டெர், அவர்களின் விளையாட்டில் மகிழ்ச்சி இல்லாததைக் கண்டார். ஒரே நிகழ்வு மாற்றமின்றி மீண்டும் மீண்டும் நடிக்கப்பட்டது. நடித்த பின்னும் அச்சம் தணியவில்லை. ஃபிராய்டின் பேரனுக்கு ஆறுதல் தந்த அதே மீள்நிகழ்த்தல் இங்குக் காயத்தைக் கிளறிக்கொண்டிருந்தது. குழந்தையிடம் தலைமை இருந்தால் போதாது. அவ்விளையாட்டைக் கண்டு, அச்சமின்றி உடனிருந்து, அது சிக்கிக்கொள்ளும் இடத்தை அறியும் பெரியவரும் வேண்டும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் களப்பணியாளர்களுக்கு அளித்த உளசமூகப் பயிற்சியில், குழந்தைகளுக்கென விளையாட்டு, ஓவியம், களிமண் ஆகியவை இடம்பெற்றமைக்கும் இப்புரிதலே அடிப்படை.

முறையான பயிற்சிக்கும் அதற்குரிய இடம் உண்டு. ஒலிப்பைத் திருத்தும் பேச்சுப் பயிற்சியும் தசைகளை வலுவூட்டும் இயன்முறைச் சிகிச்சையும் திட்டமிட்ட மறுபயிற்சியின்றி நடவா. அவற்றைக் குழந்தைக்கு உவப்பாக்கப் பொம்மைகளைப் பயன்படுத்துவதில் குற்றமில்லை. குற்றம் நிகழ்வது, அதனையே விளையாட்டு என்று பெயரிட்டு, உண்மையான விளையாட்டுக்கு இருந்த நேரத்தையும் அதற்கே வழங்கிவிடும்போது. காலையில் பள்ளி, மாலையில் இரு பயிற்சிகள், இரவில் 'வீட்டில் செய்ய வேண்டியவை' என்று நாள் முழுவதும் திருத்தப்படும் குழந்தை, தன் விருப்பத்தால் எதையேனும் தொடங்கிப் பார்க்கும் நேரமே இன்றி வளர்கிறது. வளர்ச்சிச் சவால் உடைய குழந்தைக்கே இந்நேரம் பிறரினும் மிகுதியாகத் தேவை. அதற்கே அது முதலில் மறுக்கப்படுகிறது.

இது மேலைநாட்டு இறக்குமதி அன்று. வழக்கறிஞராக இருந்த கிஜுபாய் பதேகா 1920இல் குஜராத்தின் பாவ்நகரில் பாலமந்திரைத் தொடங்கினார். பகற்கனவு எனப் பொருள்படும் 'திவாஸ்வப்னா' நூலில் கதையும் விளையாட்டுமாக வகுப்பை நடத்தும் ஆசிரியர் ஒருவரை அவர் படைத்தார். அவ்வாசிரியர் சந்திக்கும் ஏளனமும் ஐயமும் இன்றைய பெற்றோர் கேள்விக்கு அப்பால் அதிகம் செல்வதில்லை. அவர் வழிவந்த தாராபாய் மோதக், அனுதாய் வாக் இருவரும் மகாராஷ்டிரத்தின் போர்டி, கோஸ்பாடு பகுதிகளில், விலையுயர்ந்த மாண்டிசோரி கருவிகளுக்கு மாற்றாக விதை, இலை, கூழாங்கல், சிப்பி ஆகியவற்றைக் கொண்டு பழங்குடிக் குழந்தைகளின் குடியிருப்பு முற்றங்களிலேயே வகுப்பு நடத்தினர். 'அங்கன்' என்னும் சொல்லுக்கே முற்றம் என்பது பொருள். 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் அப்பெயரை நாடெங்கும் கொண்டுசென்றது.

பெயர் சென்ற அளவுக்கு முற்றம் செல்லவில்லை. விளையாடும் உரிமையைக் கூறும் 31ஆம் பிரிவை உள்ளடக்கிய ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றது. 3 முதல் 8 வயதுக்கான 2022ஆம் ஆண்டு தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு விளையாட்டை மையத்தில் வைக்கிறது. 2023இல் 'ஜாதுயி பிட்டாரா' என்னும் விளையாட்டுப் பொருள் தொகுப்பும் வெளியிடப்பட்டது. ஆனால் அங்கன்வாடிப் பணியாளர் ஒருவரே எடை பார்க்கிறார், உணவு வழங்குகிறார், பதிவேடுகளை நிரப்புகிறார், செயலியில் தரவு ஏற்றுகிறார். குழந்தையோடு தரையில் அமர அவருக்கு நேரம் எஞ்சுவதில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் கட்டாய வரம்பு ஆறு வயதில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் எல்.கே.ஜி. வகுப்பின் வீட்டுப்பாடத்தைக் கேள்வி கேட்பார் எவருமில்லை. தொகுப்புப் பெட்டி பள்ளிக்கு வந்தாலும், அதனைத் திறந்து யார் முதலில் கை வைப்பது என்பதை எந்தச் சுற்றறிக்கையும் தீர்மானிக்க இயலாது.

எனவே செய்யத்தக்கவை சிலவே. சிகிச்சைக் குறிப்பேட்டில் 'எத்தனை நிறம் சொன்னான்' என்பதோடு, 'இன்று விளையாட்டைத் தொடங்கியது யார், எத்தனை முறை' என்னும் ஒரு வரியையும் சேர்க்கலாம். பெற்றோருக்கும் அதனையே முன்னேற்றமாக விளக்கலாம். அங்கன்வாடிகளில் கூடுதல் பணியாளர் ஒருவரை முன்பருவக் கல்விக்கெனவே நியமிக்கலாம். உளவியல், கல்வியியல், சமூகப்பணித் துறைகளின் மாணவர்கள் களப்பயிற்சியின் முதல் வாரத்தில் எதையும் கற்பிக்காமல், அளக்காமல், ஒரு குழந்தையின் விளையாட்டைக் கண்டெழுதப் பழகலாம். எண்ணிக்கை வழியே விளையாட்டின் விளைவை அளக்கும் ஆய்வேடுகள் பெருகியுள்ளன. இந்தியக் குழந்தைகள் எவற்றை, யாருடன், எவ்வாறு விளையாடுகின்றனர் என்பதைப் பொறுமையுடன் விவரிக்கும் ஆய்வேடுகளுக்கு இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது.

'பயிற்சி எப்போது தொடங்கும்?' என்று கேட்கும் தாயிடம் சிகிச்சையாளர் கூறத்தக்க விடையும் இதிலிருந்தே பிறக்கிறது. சென்ற மாதம்வரை தரப்பட்டதை மட்டும் கையில் வைத்துக்கொண்டிருந்த மகன், இன்று தானே மணலை அள்ளிச் சிகிச்சையாளரின் உள்ளங்கையில் கொட்டிவிட்டு, அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தான் என்றால், அந்தத் தாய் எதிர்பார்த்திருக்கும் பேச்சுக்கான முதல் அடி அங்கே எடுத்துவைக்கப்பட்டுவிட்டது. அதை அவருக்குக் காட்டி, அடுத்த முறை அவரையும் அந்த மணலருகே அமரச் செய்ய வேண்டும்.