பிள்ளைகளின் கோடையைப் பிள்ளைகளுக்கே கொடுங்கள்



ஒன்ராறியோவில் யூன் மாத இறுதியில் மூடப்படும் பாடசாலைகள், செப்டெம்பரில் தொழிலாளர் தினம் கடந்த பின்னரே மீண்டும் திறக்கின்றன. ஒன்பது, பத்துக் கிழமைகள் பிள்ளைகள் நம் கைகளில் இருக்கின்றார்கள். இந்நாள்களில் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பெற்றோர் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றே: "சுவாமி, விடுமுறைக்குப் பிள்ளையை எந்த வகுப்பில் சேர்க்கலாம்?" பிள்ளைகளோ பெற்றோருக்குக் கேட்காத தொலைவில் நின்று வேறொன்று கேட்கின்றார்கள்: "சுவாமி, இந்த முறையாவது எங்களை விளையாட விடச் சொல்லுங்கோ." இவ்விரு வேண்டுகோள்களில் பிள்ளைகளுடையதே நியாயமானது என்பது என் கருத்து. அதற்கான காரணங்களை இங்கே எழுதுகின்றேன்.

முதலில் ஒரு கணக்கைப் பாருங்கள். எட்டாம் வகுப்பு முடியும் கோடையிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு முடியும் கோடை வரை எண்ணினால், ஒரு பிள்ளையின் பதின்ம வயதில் ஐந்து கோடைகள் மட்டுமே உண்டு. அதன் பின் பல்கலைக்கழகம், வேலை, திருமணம் என்று வாழ்க்கை அவர்களை எடுத்துச் சென்றுவிடும். இந்த ஐந்தில் எத்தனையைக் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்குமான தனியார் வகுப்புகளுக்கு நாம் ஏற்கனவே செலவழித்துவிட்டோம்? ஒரு பாடத்தில் உண்மையாகவே பின்தங்கிய பிள்ளைக்குக் கோடைகால வகுப்பு உதவும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எண்பத்தைந்து புள்ளி பெறும் பிள்ளையைத் தொண்ணூற்றைந்துக்காகக் காலை ஒன்பது மணிக்கு மீண்டும் ஒரு மேசையில் அமர்த்துவது, பெரும்பாலும் பிள்ளையின் தேவையால் நிகழ்வதன்று. பெற்றோரின் அச்சத்தால் நிகழ்வது.

அந்த அச்சம் எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியும். நம்மில் பலர் போரில் வீட்டையும் நிலத்தையும் இழந்தவர்கள். எவராலும் பறிக்க முடியாத சொத்து கல்வி மட்டுமே என்று நம்பி இந்நாட்டுக்கு வந்தவர்கள். இரண்டு வேலைகள் செய்து, இரவு வேலையால் வந்த காலில் பிள்ளையை வகுப்புக்கு ஏற்றிச் செல்லும் தந்தையரை நான் மதிக்கின்றேன். ஆயினும், ஓய்வு நாளைக் கட்டளையாகத் தந்தவர் கடவுளே என்பதை மறந்துவிடக் கூடாது. பணி முடித்துத் திரும்பிய சீடரை ஆண்டவர் தனிமையான இடத்துக்கு அழைத்துச் சென்று இளைப்பாறச் சொன்னதை மாற்கு நற்செய்தியில் வாசிக்கின்றோம். ஓய்வைச் சோம்பலென்று அவர் கண்டிக்கவில்லை.

ஓய்வு என்பதைக் கைத்தொலைபேசியோடு கட்டிலில் கிடப்பது என்று இளையோர் பொருள்கொள்ள வேண்டாம். வகுப்பும் வேண்டாம், வெளியிலும் போக வேண்டாம் என்று வீட்டுக்குள் வைத்திருக்கும் பிள்ளைக்கு மிஞ்சுவது அந்தச் சிறு திரைதான். பல வீடுகளில் பெற்றோர் வகுப்புக்கும் தொலைபேசிக்கும் இடையே தேர்வு செய்ய முயல்கின்றார்கள். மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதற்கு மிகுந்த பணமும் தேவையில்லை.

நீச்சலில் தொடங்குகின்றேன். நம் பங்கு மக்களில் பலருடைய வேர்கள் குருநகர், பாசையூர், நாவாந்துறை, மயிலிட்டி, பேசாலை போன்ற கடலோர ஊர்களில் இருக்கின்றன. கடலிலேயே வாழ்ந்த சம்மாட்டிமாரின் பேரப்பிள்ளைகள் பலருக்கு இன்று இடுப்பளவு நீரில் இறங்கவும் பயம். ரொறன்ரோ மாநகரின் திறந்தவெளி நீச்சல் தடாகங்களில் கோடையில் கட்டணமின்றி நீந்தலாம்; உயிர்காப்பாளர்களும் அங்கே நிற்பார்கள். ஏரிகளால் சூழப்பட்ட மாகாணத்தில் வாழும் பிள்ளைக்கு நீச்சல், மகிழ்ச்சியோடு உயிர்ப் பாதுகாப்பும் ஆகும். நன்றாகத் தேர்ந்தவர்கள் உயிர்காப்புப் பயிற்சியும் பெற்றால், அடுத்த கோடைகளில் அதுவே அவர்களுக்கு வேலையாகவும் அமையலாம்.

அடுத்தது காடு. ஸ்காபரோவின் கிழக்கு எல்லையில் ரூஜ் பூங்கா இருக்கின்றது. 2015இல் நிறுவப்பட்ட அது கனடாவின் முதலாவது தேசிய நகர்ப்புறப் பூங்கா. நுழைவுக் கட்டணம் இல்லை. பேருந்திலேயே போய்ச் சேரலாம். நடைபாதைகளும், ஆறும், ஆறு ஏரியோடு கலக்குமிடத்தில் கடற்கரை போன்ற மணற்கரையும், கூடாரமடித்துத் தங்கும் இடமும் அங்கே உண்டு. நான்கு நண்பர்கள் இடியப்பப் பொதியும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு காலையில் போய் மாலையில் திரும்பினால், அந்த நாளை அவர்கள் நெடுங்காலம் நினைத்திருப்பார்கள்.

"கூடாரமடித்துக் காட்டில் படுப்பது வெள்ளைக்காரரின் பழக்கம், சுவாமி, எங்களுக்கு எதற்கு?" என்று சிலர் சொல்வதுண்டு. அவர்கள் தங்கள் வீட்டு முதியவர்களிடம் மடுத் திருவிழாவைப் பற்றிக் கேட்கட்டும். ஆவணி மாதத்தில் குடும்பம் குடும்பமாகச் சட்டி பானையோடு புறப்பட்டு, மடு அன்னையின் ஆலயத்தைச் சூழ்ந்த காட்டில் மரங்களின் கீழ்க் கொட்டில் போட்டு, கல்லை வைத்து அடுப்பு மூட்டி, நாள் கணக்காகத் தங்கியிருந்தவர்கள் நாமே. பகலில் செபமாலை, மாலையில் நவநாள், இரவில் நிலா வெளிச்சத்தில் சிறுவரின் ஓட்டமும் பெரியவர்களின் கதைகளும். நம் மூதாதையர் அதை விடுமுறை முகாம் என்று அழைக்கவில்லை, அவ்வளவே வேறுபாடு.

ஆண்டுதோறும் கோடையில் மிட்லாண்டிலுள்ள மறைசாட்சியர் திருத்தலத்துக்கு நாம் திருயாத்திரை செல்கின்றோம். திருப்பலியும் சுற்றுப்பிரகாரமும் முடிந்ததும் உணவுப் பொதியை அவிழ்த்து, உண்டு, பேருந்தில் ஏறிவிடுகின்றோம். திருத்தலத்துக்கு அண்மையிலேயே, இயேசு சபைத் துறவியர் 1639இல் உறோன் மக்களிடையே அமைத்து 1649இல் கைவிட நேர்ந்த புனித மரியா பணித்தளம் மீளக் கட்டியெழுப்பப்பட்டிருக்கின்றது. வேற்று மொழியைப் பேசிய மக்களிடையே வந்து, அவர்கள் மொழியைக் கற்று, அவர்களோடு பனியிலும் பசியிலும் வாழ்ந்த மனிதரின் கதை, இரு மொழிகளுக்கிடையே வளரும் நம் இளையோருக்கு அந்நியமானதன்று. இவ்வாண்டு முதல் நாளே போய், அவ்விடத்தைப் பிள்ளைகளோடு ஆறுதலாகச் சுற்றிப் பார்க்கக் குடும்பங்கள் முயலலாம்.

நடக்க விரும்பாத பிள்ளைக்கு நூலகம் இருக்கின்றது. ரொறன்ரோ பொது நூலகத்துக்கு நூறு கிளைகள் உண்டு. உறுப்பினர் அட்டை இலவசம். புத்தகம் இரவல் வாங்குவது மட்டுமே அங்குள்ள வசதியன்று. சில கிளைகளில் கித்தார், வயலின் போன்ற இசைக்கருவிகளை இரவல் வாங்கலாம். சிலவற்றில் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் தாமே வடிவமைத்த பொருளைச் செய்து பார்க்கலாம். தமிழ்ப் புத்தகங்களும் இருக்கின்றன. அவற்றைத் தேடுவோர்தான் குறைவு.

கைத்தொலைபேசியை விட மனமில்லாத பிள்ளைக்கும் ஒரு நல்ல வேலை சொல்வேன். உங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில், நாள் முழுவதும் தொலைக்காட்சியின் முன் தனிமையில் அமர்ந்திருக்கும் அப்பப்பாவோ அம்மம்மாவோ இருக்கின்றார்களா? யாழ்ப்பாணத்தின் கத்தோலிக்க ஊர்களில் நாட்டுக்கூத்து ஆடியவர்களும், மன்னாரில் வாசாப்புப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்களும் நம் பங்கிலேயே இருக்கின்றார்கள். அவர்கள் குரலை ஒளிப்பதிவு செய்யுங்கள். எந்த ஆண்டில் யார் இராசா வேடம் கட்டினார், யார் மேடையில் வசனத்தை மறந்து நின்றார் என்று கேளுங்கள்; சிரித்து வயிறு நோகும். அந்த மெட்டுகளை அறிந்தவர்களை ஒவ்வோர் ஆண்டும் நாம் அடக்கம் செய்துகொண்டிருக்கின்றோம். இக்கோடையில் செய்யாத பதிவை அடுத்த கோடையில் செய்ய முடியாமற் போகலாம்.

உழைப்பிலும் மகிழ்ச்சி உண்டு. ஒன்ராறியோவில் கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்ய 14 வயதும், உணவகச் சமையலறையில் வேலை செய்ய 15 வயதும் நிறைந்திருக்க வேண்டும். முதற் சம்பளத்தின் மகிழ்ச்சிக்கு ஈடில்லை. அதைப் பெற்றோர் வாங்கி வைக்க வேண்டாம். ஒரு பகுதியைச் சேமிக்கவும், ஒரு பகுதியை வறியோருக்குக் கொடுக்கவும், எஞ்சியதைத் தம் விருப்பப்படி செலவழிக்கவும் பிள்ளைக்குக் கற்றுக்கொடுங்கள். சொந்தக் கடை வைத்திருப்போருக்கும் ஒரு சொல்: மகனையோ மகளையோ கோடை முழுவதும் காசுப் பெட்டியின் முன் சம்பளமின்றி நிறுத்திவிட்டு, அதை விடுமுறை என்று அழைக்காதீர்கள்.

உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழுக்கு வேண்டிய 40 மணித்தியாலச் சமூகப் பணியை ஒன்பதாம் வகுப்புக்கு முந்திய கோடையிலேயே தொடங்கலாம். உணவு வங்கியில் பெட்டி அடுக்குவதும் முதியோர் இல்லத்தில் சீட்டு விளையாடுவதும் நண்பர்களோடு சேர்ந்து செய்தால் இனிமையானவையே. ஆனால் செய்யாத மணித்தியாலங்களுக்குக் கையொப்பம் கேட்டு எவரும் பங்குமனைக்கு வர வேண்டாம். அந்தக் கையொப்பத்தால் பிள்ளை பொய்யைப் படிக்கும். அதுவும் ஒரு குருவிடமிருந்து படிக்கும்.

இப்போது பலருக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கின்றது. மேலே எழுதியவற்றை வாசிக்கும்போது உங்கள் மனக்கண்ணில் மகன் மட்டும் தோன்றினானா? நம் வீடுகள் பலவற்றில் கோடை பிறந்ததும் அண்ணன் துடுப்பாட்ட மட்டையோடு மைதானத்துக்குப் போகின்றான். அதே வயதுத் தங்கை சின்னவர்களைப் பார்த்துக்கொண்டு, சோறு வடித்து, உடுப்பு மடித்து வீட்டில் நிற்கின்றாள். அவளுக்கு நீச்சலும் இல்லை, காடும் இல்லை. "பெண்பிள்ளை, கவனமாக இருக்க வேண்டும்" என்கின்றோம். கவனம் இருவருக்கும் வேண்டும். சோறு வடிக்கவும் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கிழமையில் ஒரு நாள் மகன் சமைக்கட்டும். அன்று மகள் தோழியரோடு வெளியே போகட்டும். ஒரே கருவறையில் பிறந்த இருவருக்கு இரு வகைக் கோடைகளைக் கொடுப்பதற்கு நற்செய்தியில் ஆதாரம் இல்லை.

வெளியே விட்டால் கெட்ட சேர்க்கை, போதைப்பொருள், விபத்து என்ற அச்சம் பெற்றோருக்கு இயல்பானது. அதை நான் எளிதாக எண்ணவில்லை. எங்கே போகின்றாய், யாரோடு போகின்றாய், எப்போது திரும்புவாய் என்ற மூன்றையும் கேட்பது உங்கள் கடமை. விடை தெளிவாக இருந்தால் போக விடுங்கள். பன்னிரண்டு வயது இயேசு உறவினர் கூட்டத்தோடு வருகின்றார் என்று நம்பி, மரியாவும் சூசையும் ஒரு நாள் பயணம் நடந்த பின்னரே அவரைத் தேடத் தொடங்கினார்கள் என்று லூக்கா எழுதுகின்றார். காணாமற் போனபோது அவர்கள் துயரத்தோடு தேடினார்கள். கண்டபோது காரணம் கேட்டார்கள். திருக்குடும்பத்திலும் பிள்ளைக்கு நடமாடும் சுதந்திரம் இருந்தது, கேள்வியும் இருந்தது. ஆனால் பிள்ளையை நம்பலாமென்றால், பிள்ளையின் நண்பர்களை நீங்கள் முதலில் அறிந்திருக்க வேண்டும். அவர்களை வீட்டுக்கு அழைத்துக் கொத்துரொட்டி கொடுங்கள். ஒரே மாலையில் பல உண்மைகள் தெரிந்துவிடும்.

2025 செப்டெம்பர் 7ஆம் நாள் திருத்தந்தை பதினான்காம் லியோ இரு இளைஞரைப் புனிதராக உயர்த்தினார். ஒருவர் தூரின் நகரத்துப் பியர் ஜோர்ஜோ பிரசாத்தி. மலையேற்றத்தில் பெருவிருப்பம் கொண்டவர், நண்பர்களோடு கேலியும் சிரிப்புமாக வாழ்ந்தவர், ஏழைகளின் வீடுகளைத் தேடிச் சென்றவர். 1925இல் தம் 24ஆம் வயதில் இறந்தார். மற்றவர் கார்லோ அக்கூத்திஸ். கணினியை விரும்பியவர், நற்கருணைப் புதுமைகளைப் பற்றி இணையத்தளம் அமைத்தவர், காணொளி விளையாட்டுக்குத் தமக்குத் தாமே நேர எல்லை வைத்தவர். 2006இல் 15 வயதில் இறந்தார். மலையும் கணினியும் இவர்கள் புனிதத்துக்குத் தடையாகவில்லை. மகிழ்ச்சியான பிள்ளை கடவுளை விட்டு விலகிவிடும் என்று அஞ்சுவோர் இவ்விருவரின் வாழ்க்கையை வாசிக்கட்டும்.

பங்கு என்ன செய்யும் என்று நீங்கள் கேட்கலாம். இக்கோடையில் மறைக்கல்விக்கு மேலதிக வகுப்பு எதையும் நான் வைக்கப்போவதில்லை. மாறாக, வெள்ளிக்கிழமை மாலைகளில் ஆலய மண்டபத்தையும் வாகனத் தரிப்பிடத்தையும் இளையோருக்குத் திறந்துவிட விரும்புகின்றேன்: துடுப்பாட்டம், கரம், பாட்டு, இறுதியில் பத்து நிமிடச் செபம். சிறார் பாதுகாப்பு விதிகளின்படி தகுதி பெற்ற பெரியவர்கள் ஒவ்வொரு மாலையும் உடனிருக்க வேண்டும். அவர்கள் இல்லாமல் மண்டபம் திறக்கப்படாது. ஆகவே, பிள்ளையை எந்த வகுப்பில் சேர்க்கலாம் என்று கேட்ட பெற்றோரிடம் இப்போது நான் கேட்கின்றேன்: உங்களில் யார் ஒரு வெள்ளிக்கிழமை மாலையைத் தருவீர்கள்? வரும் ஞாயிறு திருப்பலிக்குப் பின் மண்டப வாசலில் பெயர்ப் பட்டியல் இருக்கும்.

மடு அன்னையின் பரிந்துரையால் இறைவன் உங்கள் பிள்ளைகளையும், அவர்களுடைய கோடையையும் ஆசீர்வதிப்பாராக.

இறை அன்பில்,
உங்கள் பங்குத் தந்தை